ஒண்ணுமில்லக்கா

என் அக்கா ஒரு பொய்க்காரி. பெரிய பொய்யெல்லாம் இல்லை, ஒரே ஒரு சின்னப் பொய். அதைக் காலையிலிருந்து மதியம் வரை, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவாள். அதற்குச் சம்பளமும் வாங்கினாள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இடதுகை ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்துவாள். ரத்தக்குழாயை அவள் கண்ணால் தேடுவதில்லை, விரல்தான் தேடும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் கண் எதிரே இருக்கிறவரின் முகத்திலேயே இருக்கும். பஸ்ஸில் இடத்துக்காகச் சட்டையைப் பிடிக்கிற ஆள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பூனைக்குட்டிதான். ஊசியைப் பார்த்ததும் உதடு வெளுத்துவிடும். அப்போது அக்கா ஆரம்பிப்பாள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. என் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியுதா பாருங்க. தெரியுதா? மூச்சை மெதுவா விடுங்க. வீட்டுல யார் யாரு இருக்கீங்க?”

அவர் வீட்டில் இருக்கிறவர்களை வரிசையாகச் சொல்லி மாமியாரிடம் வந்து நிற்பதற்குள் குப்பி நிறைந்து, பஞ்சும் வைத்தாகியிருக்கும். வருஷக்கணக்காக இதே வார்த்தை, இதே வரிசை. பேர் தெரியாதவர்கள் “அந்த ஒண்ணுமில்லக்கா இருக்காங்களா?” என்று கேட்டு வந்தார்கள். அவள் லீவு போட்ட அன்று சிலர் ரத்தமே கொடுக்காமல் திரும்பிப் போனதுண்டு.

இந்தப் பொய் எங்கள் வீட்டில்தான் பிறந்தது. அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் ரத்தம் எடுக்க வருகிற ஆள் ஒருவன் இருந்தான். குத்துவான், எடுப்பான், மறுபடி குத்துவான். அப்பாவின் இரண்டு கையும் கன்றிக் கருநீலமாகிவிட்டன. ஒரு நாள் அக்கா அவனை வாசலோடு அனுப்பிவிட்டு, “நான் கத்துக்கறேன்” என்றாள். படித்தாள், தேறினாள், அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் அவளே எடுத்தாள். கை நடுங்கியபடி “ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல” என்று அவள் முதன்முதலில் சொன்னது அப்பாவிடம்தான். அப்பா அதை நம்பினாரோ என்னவோ, நம்பினமாதிரி தலையாட்டுவார்.

பிறகு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிக்கும், “ஒண்ணுமில்லடி” என்பாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கே என்றால் அவருக்கும் அதேதான். வீட்டில் குழாய் வெடித்து முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “இங்க ஒண்ணுமில்லங்க, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று அவள் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன, அவள் அக்கா, நான் தங்கை, அவ்வளவுதான்.

விபத்து நடந்தது ஒரு சாதாரணக் காலையில். பரிசோதனை நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டெலிவரி வேன் ரிவர்ஸில் பின்னால் வந்தது. அக்கா சந்தின் குறுக்கே நடந்துகொண்டிருந்தாள். வேன் அவளைத் தள்ளியது. விழாமல் இருக்க விளக்குக் கம்பத்தைப் பிடித்தாள். பிடித்த இடதுகை கம்பத்துக்கும் வேனின் பின்கதவுக்கும் நடுவில் மாட்டியது. வேன் உடனே முன்னால் நகர்ந்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் லேசாக ரத்தம்.

ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். ஆள் நல்ல ஆகிருதி, முறுக்கு மீசை. அவர் கம்பெனியில் ஒரு விதி உண்டு. வண்டி யார் மேலாவது பட்டால், ஓட்டுநர் உடனே போனை எடுத்து அவர்கள் முகத்தைப் படம்பிடித்துக்கொண்டே “உங்களுக்கு ஏதாவது ஆச்சா?” என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். மீசைக்காரர் அப்படியே செய்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

சொன்னதோடு விட்டாளா? எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, நேராக வேலைக்குப் போனாள்! முதலில் உட்கார்ந்தவரின் கையில் விரலை வைத்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. குத்தினாள், ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள், அவர் “அம்மா!” என்று கத்திவிட்டார். அக்காவின் நாற்காலியில் யாரும் அப்படிக் கத்தி அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாளாம். கூட வேலை செய்கிற பெண் என்னவென்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லை.

மறுநாள் மணிக்கட்டு வீங்கி வளையல் போட முடியாமல் போன பிறகுதான் நான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. அது கூடிவிடும் என்றார்கள். கூடியது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தே கிடந்தன. வெந்நீரா ஐஸா, துணியா கண்ணாடியா, எதுவும் தெரியவில்லை. அறுவை மருத்துவர் மூடி மறைக்காமல் சொன்னார்.

“உள்ள நரம்பு நசுங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணினா திரும்ப வர வாய்ப்பு இருக்கு. ஆனா தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போட்டா அப்புறம் நானே வேண்டாம்னு சொல்லிடுவேன்.”

அந்த ஆபரேஷன் செலவு எங்கள் இரண்டு குடும்பத்தையும் உருட்டிப் புரட்டினாலும் தேறாது. பரிசோதனை நிலைய முதலாளி நல்லவர்தான், அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலில் ரசீது போடும் மேஜைக்கு மாற்றினார். வருகிறவர்கள் அவளைப் பார்த்துச் சந்தோஷமாக, “அக்கா, நீங்கதானே எடுக்கப்போறீங்க?” என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே கையைக் காட்டுவாள். ஒரு நாள் நான் இதை நேரில் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன். அவளுக்குத் தெரியாது.

எனக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. அடிபட்டவர்களின் காகிதங்கள் எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் உள்ளே போகின்றன. கட்டுப்போட்ட காலும் ஊன்றுகோலுமாக வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பல வக்கீல்கள் எனக்குப் பழக்கம். அதில் எனக்குப் பிடித்தவர் ஒரு வக்கீலம்மா. படபடவென்று பேசுவார், காகிதத்தை ஒழுங்காக அடுக்கித் தருவார். அவரிடம்தான் போனேன். போலீஸ் புகார், மருத்துவச் சான்று, எலும்புப் படம், சம்பளச் சான்று என்று எல்லாம் சேர்த்து மனு போட்டோம். ஆபரேஷனுக்கு உடனடியாக இடைக்காலத் தொகை வேண்டும் என்று தனியாக ஒரு மனு. அது கிடைத்தால் விரல் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை. எனக்கு அதுதான் கணக்கு, மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது.

காப்பீட்டுக் கம்பெனியின் பதில் வந்தது. கூடவே ஒரு வீடியோ. வக்கீலம்மா என் கடையிலேயே அதை எனக்கும் அக்காவுக்கும் போட்டுக் காட்டினார்.

படம் ஆடிக்கொண்டே இருந்தது. அக்காவின் முகம். பின்னால் சந்துச் சுவர். ஓர் ஆண் குரல், “உங்களுக்கு ஏதாவது ஆச்சா?” அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமில்லங்க. பயப்படாதீங்க.” அத்தோடு முடிந்தது.

வக்கீலம்மா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“ஏம்மா, இப்படியா சொல்வீங்க? இதுக்கு மேல அவங்களுக்கு என்ன சாட்சி வேணும்? அன்னிக்கு ஒண்ணும் ஆகல, வேலைக்கும் போயிருக்கீங்க. கை வேற எங்கயோ அடிபட்டிருக்குன்னு சொல்றாங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “பாவம், அவரு ரொம்பப் பயந்துட்டாரு வக்கீலம்மா.”

“இப்ப நான்தான் பயந்துட்டேன்!” என்றார் வக்கீலம்மா.

அதற்குப் பிறகு என் கடை பள்ளிக்கூடமாகிவிட்டது. மெஷின் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் வக்கீலம்மா அக்காவுக்குப் பாடம் எடுப்பார்.

“நீதிபதி கேப்பாரு. கை எப்படி இருக்கு?”

“பரவாயில்லங்க.”

“ஐயோ! மறுபடியும். கை எப்படி இருக்கு?”

“முன்னைக்கு இப்ப...”

“முன்னைக்கு இப்பங்கிற பேச்சே வேண்டாம்! ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல, வேலை செய்ய முடியல. சொல்லுங்க.”

அக்கா வாயைத் திறப்பாள். வார்த்தை வராது. யாரோ அவள் வாயில் துணியை அடைத்துவிட்டதுபோல் விழிப்பாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒருவர் பொறுக்க முடியாமல், “சொல்லுங்கம்மா, வாயைத் திறந்து சொன்னா என்ன?” என்று சேர்ந்துகொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

காப்பீட்டுக் கம்பெனி தன் சார்பில் ஒரு டாக்டரிடம் பரிசோதனைக்கு வரச் சொன்னது. போகிற வழி முழுவதும் அக்காவின் காதில் ஓதிக்கொண்டே போனேன். உள்ளே என்னை விடவில்லை. சிறிது நேரத்தில் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

“என்னக்கா சொன்னே?”

“நல்ல டாக்டர்டி. தன்மையா பேசினாரு. ‘எப்படிம்மா இருக்கு, ரொம்பக் கஷ்டமா இருக்கா’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

அவள் எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். டாக்டரின் அறிக்கை பிறகு வந்தது. ‘பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன் என்று மனுதாரர் தெரிவித்தார்’ என்று அதில் இருந்தது. அன்று ராத்திரி அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பாதியிலேயே நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தபோது அவள் சொன்னாள்.

“நான் வேணும்னு சொல்றதில்லடி. அப்பா கையில முதல் தடவை ஊசி போட்டப்போ, எனக்கு அவர விட பயம். பயமா இருக்குன்னு நான் சொன்னா அவர் கையை இழுத்துக்குவாரு. அப்பலேந்து இப்படியே ஆயிடுச்சு. எதிர்ல ஒருத்தர் முகம் வாடினா என் வாய் தானா சொல்லிடுது.”

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் மீது இருந்த கோபம் போகவில்லை. அது வேறு யார்மீதோ திரும்பியது, யாரென்று தெரியவில்லை.

விசாரணை நாள் வந்தது. தீர்ப்பாயத்தின் மாடியில் நீளமான அறை. தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றியது. மேடைமேல் நீதிபதி, வயதானவர், அடிக்கடி மூக்கைத் தேய்த்துக்கொள்வார். சுவரில் ஒரு டிவி. அக்காவும் நானும் முன் பெஞ்சில். அவள் இடதுகையை வலதுகையால் மூடி மடியில் வைத்திருந்தாள். வக்கீலம்மா குனிந்து கடைசியாக ஒரு முறை எச்சரித்தார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில். நடுவுல எதுவும் பேசக் கூடாது. ஞாபகம் இருக்கா?”

“சரிங்க.”

காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் அதட்டுகிற ரகம் இல்லை. வெண்ணெய் தடவிய குரல். அப்படிப்பட்டவர்களைத்தான் நம்பக் கூடாது. அவர் டிவியில் வீடியோவைப் போட்டார். அக்காவின் முகம் சுவரளவு பெரிதாக வந்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமில்லங்க.” பிறகு டாக்டரின் அறிக்கையிலிருந்து அந்த ஒரு வரியைப் படித்தார். பிறகு, விபத்தன்று அவள் வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார்.

“மனுதாரரே மூணு தடவை சொல்லிட்டாங்க ஐயா. ரோட்டுல சொன்னாங்க, வேலைக்குப் போய்ச் சொல்லாம சொன்னாங்க, டாக்டர்கிட்ட சொன்னாங்க. அவங்க வார்த்தையைத்தான் நாங்க நம்புறோம்.”

நீதிபதி மூக்கைத் தேய்த்துக்கொண்டு எதையோ எழுதினார். முடிந்தது கதை, விரல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மீசைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். டெலிவரி கம்பெனி சட்டை, தேய்த்து மாட்டியிருந்தார். அக்காவை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அவர் சம்பாத்தியம் ஒன்றுதான் என்று வக்கீலம்மா விசாரித்து வைத்திருந்தார். தன் கம்பெனிக்கு எதிராகச் சொல்லிவிட்டு மறுநாள் எந்த வண்டியை ஓட்டுவார்? அவரைத் திட்ட எனக்கு ஆசையாக இருந்தது, மனசு வரவில்லை.

“நீங்க கேட்டீங்க, அவங்க ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. சரிதானே?” என்றார் கம்பெனி வக்கீல்.

“ஆமா சார்.”

“தானா எழுந்து நடந்து போனாங்க?”

“ஆமா சார்.”

வக்கீலம்மா எழுந்தார். “வண்டி பின்னால வந்தப்போ அவங்க இடதுகை எங்க இருந்துச்சு?”

“நான்... பார்க்கலங்க.”

“வண்டி பின்கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருந்துச்சா?”

“பார்க்கலங்க.”

“அப்படியா? இந்தப் படத்தைப் பாருங்க. ஆஸ்பத்திரியில எடுத்தது.”

வீங்கிப் புடைத்து, தோல் கிழிந்து, ரத்தம் கட்டிய கையின் பெரிய வண்ணப் படம். என் மெஷினில் நானே பிரதி எடுத்துக் கொடுத்தது. மீசைக்காரர் அதைக் கையில் வாங்கினார். பார்த்தார். உதடு வெளுத்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கூண்டின் கம்பியைப் பிடித்தார், பிடி நழுவியது. அத்தனை பெரிய உடம்பு அப்படியே சரிந்து கூண்டின் படியில் உட்கார்ந்தது.

நான் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் என் பக்கத்தில் பெஞ்சு காலி. அக்கா அவர் முன்னால் மண்டியிட்டிருந்தாள். வக்கீலம்மா “அம்மா, உட்காருங்க!” என்று பல்லைக் கடித்தபடி சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தலையைத் தொங்கப் போடாதீங்க. என் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியுதா பாருங்க. தெரியுதா? மூச்சை மெதுவா விடுங்க. வீட்டுல யார் யாரு இருக்கீங்க?”

“பொண்டாட்டி...” என்றார் அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல். “ரெண்டு பொண்ணு...”

“ரெண்டு பொண்ணா? சரி, சரி.” அக்கா பழக்கத்தில் அவர் மணிக்கட்டைத் திருப்பி, நாடி பார்க்க இடதுகை விரல்களை வைத்தாள். வைத்தவள் அசையாமல் இருந்தாள். விரலை நகர்த்தி அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“நாடி இல்ல!” என்று அலறினாள். “ஐயோ, இவருக்கு நாடி இல்ல! யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க! நாடி இல்ல!”

அறை முழுக்க எழுந்துவிட்டது. கம்பெனி வக்கீல் போனை எடுத்துவிட்டார். நீதிபதியே பாதி எழுந்துவிட்டார். அப்போது மீசைக்காரர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா,” என்றார். “எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். அவர் கையை விட்டுவிட்டு, அந்த இரண்டு விரல்களையும் வலதுகையால் பொத்திக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நடிக்கவில்லை என்று அங்கே இருந்த யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். ஒரு மனிதர் மயங்கிச் சரிந்ததும், தன் விரல் செத்துக் கிடப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். மீசைக்காரர் குடிக்கவில்லை. டம்ளரை அக்காவின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“இப்ப வேண்டாம், உட்காருங்க. உடம்பு சரியில்ல உங்களுக்கு,” என்றார் கம்பெனி வக்கீல் அவசரமாக.

“சொல்லட்டும்,” என்றார் நீதிபதி.

“அன்னிக்கும் இப்படித்தான் ஐயா. எனக்கு ரத்தத்தைப் பார்த்தா ஆகாது, சின்ன வயசுலேந்தே. இவங்க நெத்தியில பார்த்ததும் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. வீடியோ எடுக்கணும்னு சட்டம், எடுத்தேன். பாதியில கீழ உட்கார்ந்துட்டேன். இவங்கதான் என் பக்கத்துல வந்து, இப்ப சொன்னாங்களே, இதே வார்த்தை ஐயா, ஒரு எழுத்து மாறல. கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியுதான்னு கேட்டாங்க.” அவர் நிறுத்தி எச்சில் விழுங்கினார். “அன்னிக்கு இவங்க மூஞ்சில கண்ணாடியே இல்ல. என் வண்டி சக்கரத்துக்கிட்ட உடைஞ்சு கிடந்துச்சு. அது கூட இவங்களுக்குத் தெரியல.”

“கை?” என்றார் நீதிபதி.

“நடுவுலதான் ஐயா மாட்டிச்சு. வண்டியோட பக்கக் கண்ணாடியில பார்த்தேன். பார்த்துத்தான் வண்டியை முன்னால எடுத்தேன்.” அவர் கம்பெனி வக்கீலைப் பார்க்கவில்லை. “என் பொண்ணுங்க மேல சத்தியம்.”

நீதிபதி வீடியோவை மறுபடி போடச் சொன்னார். எத்தனை முறை பார்த்திருப்பேன் அதை! ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத்தான் பார்த்துப் பார்த்து எரிந்தேன். இப்போதுதான் கண்ணைப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தழும்பு மட்டும். கிட்டப்பார்வைக்காரி, எதிரில் இருப்பவரைச் சரியாகக்கூடத் தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒண்ணுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படம் ஏன் அப்படி ஆடியது என்பதும் இப்போது எல்லோருக்கும் புரிந்தது.

நீதிபதி பேனாவை வைத்தார்.

“அம்மா, நீங்க இங்க வாங்க. உங்களுக்கு என்னம்மா பண்ணுது?”

அவர் குரலில் அத்தனை கனிவு. கனிவாகக் கேட்டால்தான் அவள் கெடுத்துவிடுவாள்! எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது அவளுக்கு. நீதிபதியின் முகமோ வாடித்தான் இருந்தது. சொல்லிவிடாதே அக்கா, சொல்லிவிடாதே என்று நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா வாயைத் திறந்தாள். “ஒண்...” என்று ஆரம்பித்தாள். நின்றாள். மீசைக்காரரைப் பார்த்தாள், பிறகு தன் கையை.

“முடியல ஐயா,” என்றாள். “எனக்கு முடியல. இந்த ரெண்டு விரலும் எனக்கு இல்ல. எங்கப்பா கையைத் தொட்டுக் கத்துக்கிட்ட விரல் ஐயா இது. அன்னிக்கு ரோட்டுலயே கை உயிர் போற மாதிரி வலிச்சுது. நான் பொய் சொன்னேன்.”

சொல்லிவிட்டு, பிறந்த குழந்தைபோல் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். வக்கீலம்மா காகிதங்களை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டார்.

இடைக்காலத் தொகை அந்த வாரத்திலேயே உத்தரவாயிற்று. மீசைக்காரர் அந்தக் கம்பெனியில் நீடிக்கவில்லை. இப்போது பள்ளிப் பிள்ளைகள் போகும் வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை நினைத்துப் பயந்துகொண்டு, மெதுவாக ஓட்டுகிறாராம். மாமாவுக்கு அக்கா போனில் முழுக் கதையையும் சொன்னாள். அவர் கடல் நடுவில் நின்று, “இத்தனை நாளா என்கிட்ட சொன்னதெல்லாம்?” என்று கேட்டார். “எல்லாம் பொய்தாங்க,” என்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. நரம்பு புல் வளர்வதைவிட மெதுவாக வளரும், பொறுமை வேண்டும் என்றார் மருத்துவர். மாதாமாதம் போனோம். ஒவ்வொரு தடவையும் அவர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, ஆள்காட்டி விரல் நுனியில் ஊசியால் தொடுவார். “தெரியுதா?” என்பார். “இல்லங்க” என்பாள். இப்போது அவள் உண்மையைச் சொல்லப் பழகிவிட்டாள். அதனாலேயே கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு மாதம். வழக்கம்போல் கண்ணை மூடினாள். மருத்துவர் ஊசியை எடுத்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

“ஆ!” என்றாள் அக்கா. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். மருத்துவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊர் முழுக்கக் குத்தியவளின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

“வலிக்குதுடி!” என்றாள். “வலிக்குது!”